நீ காலியாக விட்ட நாலு பீட்

என் வரமிளகா அக்காவுக்கு,

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லித் தமிழ்ச் சங்க மலருக்குக் கேட்டார்கள். "ரெண்டு பாரா போதும்மா, கூட அவ சிரிச்ச மாதிரி ஒரு ஃபோட்டோ," என்றார்கள். மூன்று நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். நல்ல வார்த்தை வருவதற்குள் கோபம் வந்து நிற்கிறது. அதனால் அவர்களுக்கு எழுதுவதை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. ரூட் ஒன் ஹைவேயில், அந்த மழைநாளில் லாரி உன் காரை இடித்த இடத்தில் இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பெரியப்பா அந்தப் பக்கமே போவதில்லை. ஆபீசுக்கு இருபது நிமிஷம் சுற்றிக்கொண்டு போகிறார். பெரியம்மா உன் ரூம் கதவைச் சாத்த விடுவதில்லை. ஹீட்டர் சூடெல்லாம் வீணாகிறது என்று யாரும் சொல்வதும் இல்லை.

அடுத்த செய்தியைக் கேட்டால் நீ சிரிப்பாய். சனிக்கிழமை சங்கத்துப் பொங்கல் விழாவில் உனக்கு அஞ்சலி. உன் பாட்டைப் போடப்போகிறார்கள். ஆறடி பேனரில் உன் முகம், கீழே நீ பாட்டுக்கு வைத்துக்கொண்ட பேரோடு "நம் மண்ணின் குரல் வரமிளகா." எந்த மண் என்று கேட்க ஆளில்லை. நீ பிறந்தது நியூ ஜெர்சியில். போன பொங்கலுக்கு நீ மூணு நிமிஷம் கேட்டபோது, "ஃபேமிலி ஆடியன்ஸ்மா, ராப் எல்லாம் வேண்டாமே," என்று சொன்னதும் இதே கமிட்டிதான். அந்த மூணு நிமிஷத்துக்கு நீ செத்துப்போக வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மூணாவது பகுதியை வெட்டச் சொல்கிறார்கள் அக்கா.

இரண்டு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை சேகர் அங்கிள் உங்கள் வீட்டுக்கு வந்தார். கலைக்குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் காலி நிலத்தில் குறைந்த வாடகை அபார்ட்மென்ட் வரக்கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். நீ அடிபட்ட அன்றைக்குப் பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரேதான். மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்!

உன் பாட்டு ஃபைல் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஃபர்ஸ்ட் ரெண்டு பார்ட் வேற லெவல்மா. கவர்மென்ட்டைக் கிழிச்சிருக்கா. ஆடிட்டோரியமே கைதட்டும். அந்த மூணாவது மட்டும் ட்ரிம் பண்ணிடு."

நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன்.

"வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்தக் கையெழுத்து ஷீட்ல இருக்கவங்கம்மா. பொங்கலும் அதுவுமா கூப்பிட்டு வச்சு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

அவள் யாரையும் அடிக்கவில்லை அங்கிள், தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள் என்று எனக்குள்ளே சொன்னேன். வெளியே வந்தது "ம்" மட்டும்தான். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என் "ம்"மை எல்லோரும் தங்களுக்கு வேண்டிய மாதிரிதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நீ மட்டும் என்ன ஒழுங்கு?

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "வெட்டிடு பவி. போனவ மேல ஒரு குத்தம் எதுக்கு?" பிறகு, யாரும் கேட்காமலே, "பேனாவை நீட்டினது நான்தான். அதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு..." என்றார். அங்கிள் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு இருவர் மேலும் எரிச்சல். ஆனால் அதிக எரிச்சல் உன் மேல்தான். யோசித்துப் பார், நாம் எப்படி இதில் வந்து மாட்டினோம்?

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டு வரிகளை ஃபோனில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவாய். நான் அதைத் தமிழில் நோட்டில் எழுதி, எங்கே மூச்சு விடலாம் என்று பென்சிலால் கோடு போட்டு, உனக்குத் திரும்பப் படித்துக் காட்டுவேன். அந்தக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நீ பாடுவாய். ரெக்கார்டிங் பெரியம்மாவின் வாக்-இன் கிளாசெட்டில். பட்டுப்புடவைகள் தொங்குவதால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவள் நீ. கவர்மென்ட்டைக் கிழித்த பாட்டு முழுக்க முகூர்த்தப் புடவைகளுக்கு நடுவில் நின்று பாடியது என்று இந்தச் சங்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் நம்புவார்களா?

மாவுக் கடையில் என் வேலை முடிந்ததும் கூட்டிப்போக வருவாய். காரில் யாருடைய ராப்பாவது ஓடும். நடுவில் நிறுத்திவிட்டுச் சண்டை போடுவாய், பாடினவன் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "போலீஸைக் கேக்குற, மேயரைக் கேக்குற, கரெக்ட். அடுத்த லைன்லயே உன் கேர்ள்ஃப்ரெண்டை இப்படிப் பேசுறியே, உன்னை யாருடா கேக்குறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "பவி, கவர்மென்ட்டைத் திட்டினா கவர்மென்ட் வந்து பதில் சொல்லப் போகுதா? நம்ம வீட்டு ஹால்ல உக்காந்து கேக்க முடியாத மாதிரி ஒண்ணு பண்ணணும்டி," என்பாய். பண்ணிவிட்டாய். இப்போது ஹாலில் யாராலும் கேட்க முடியவில்லை. போதுமா?

நீ போவதற்கு முந்தின தீபாவளிச் சமயத்தில் நடந்ததை நீ பாதிதான் சொன்னாய். உன் பாதியை நீ பாட்டில் சொன்னாய். என் பாதியை இங்கே நான் சொல்கிறேன்.

சேகர் அங்கிள் முதலில் என்னிடம்தான் வந்தார். "உன் தமிழ் ரொம்ப நல்லா இருக்குன்னு உன் அப்பா சொன்னார்மா. பெரியவங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடேன். அந்த அபார்ட்மென்ட் வந்தா ஸ்கூல்ல கூட்டம் கூடிடும், ரேட்டிங் இறங்கிடும், அதுதான் மேட்டர்." நான் பள்ளிக்கூடத்தை விட்டு அப்போது ஒரு வருஷம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பதின்மூணு வயதில் வந்தவள். பேர் கூப்பிட்டால் பதில் சொல்லத் தொண்டை திறக்காமல், வகுப்பின் முன்னால் நிற்கச் சொன்னால் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டு, பதினாறு ஆனதும் நின்றுவிட்டவள். அதற்குப் பிறகு என் எழுத்தை யாராவது நல்லா இருக்கு என்று சொன்னது அதுதான் முதல்முறை.

அதனால் எழுதினேன். உட்கார்ந்து, அழகாக, மூன்று முறை திருத்தி எழுதினேன். "நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இன்னொருவர் வந்து இழுக்க விடலாமா?" அந்த வரியை அங்கிள் தடித்த எழுத்தில் போட்டார். குரூப்பில் எல்லோரும் கும்பிடுகிற கையாகப் போட்டார்கள். எனக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று பார் அக்கா. நான் ஒரு நாற்காலியிலும் நிம்மதியாக உட்கார முடியாமல் விட்டுவிட்டு வந்த அதே பள்ளிக்கூடம். அதற்குள் இன்னொருத்தர் பிள்ளை வரக்கூடாது என்று எழுதியவள் நான்.

பிறகு அந்தப் பனி நாள் வந்தது. கடையில் என்னோடு மாவு அரைக்கும் மார்த்தாவுக்கு அன்றைக்கு பஸ் இல்லை. உனக்குத்தான் மார்த்தாவைத் தெரியுமே. ஹோண்டுராஸ்காரி. தமிழில் ஆறு வார்த்தை தெரியும், அதில் "இன்னும் ஊறட்டும்" என்பதை எல்லா விஷயத்துக்கும் சொல்வாள். நீ "ஏறுங்க, டிராப் பண்றேன்," என்றாய். நாற்பது நிமிஷம் போனோம். வழியில் அவள் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு பெட்ரூம், ஒரு ஜன்னல். "ஸ்டேஷன் பக்கத்துல வருது. பேர் குடுத்திருக்கேன். வந்தா வேலைக்கு நடந்தே வரலாம், என் மகனுக்கும் நல்ல ஸ்கூல்," என்று இங்கிலீஷில் சொன்னாள். "எப்ப வரும்?" என்று நீ கேட்டதற்கு அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "இன்னும் ஊறட்டும்," என்றாள். மூணு பேரும் சிரித்தோம்.

அவள் இறங்கினதும் நீ சிரிக்கவில்லை.

"பவி, அப்பா அன்னைக்கு ஒரு ஷீட்ல சைன் பண்ணச் சொன்னாரே, அது இதுக்கா?"

"ம்."

"அது கூட தமிழ்ல ஒரு நோட்டீஸ் சுத்துச்சே. என்ன போட்டிருந்துச்சு? படிச்சுக் காட்டு."

என் ஃபோனிலிருந்து படித்தேன். நாற்காலி வரி வந்தபோது காரை ஓரமாக நிறுத்தினாய். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாருடி எழுதினது இதை?"

நான் பதில் சொல்லவில்லை. நீயும் திரும்பிக் கேட்கவில்லை. நமக்குள் வேறு யார் அப்படித் தமிழ் எழுதுவார்கள்? உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அடுத்த மாசம் மூணாவது பகுதியை எழுதினாய். முதலில் அனுப்பினதில் "அப்பா நீட்டினார், நான் போட்டேன்" என்று இருந்தது. நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள், "அந்த லைனை அடிச்சிடு. அது பாட்டு இல்லடி, கம்ப்ளெய்ன்ட்," என்று மெசேஜ் போட்டாய். பிறகு வந்தது இது. நோட்டில் உள்ளபடியே எழுதுகிறேன், கலைக்குழு வெட்டினாலும் இங்கேயாவது இருக்கட்டும்:

பூட்டை உடைன்னு வாசல்ல கத்துனேன்
சாவி என் பாக்கெட்லயே கெடந்துச்சு
பதினேழாம் வரியில இருக்குது என் பேரு
கோணாம, அழகா, நானே போட்டது
பேனா குடுத்தது யாருன்னு கேக்காத
கை என்னுது, மை காயல இன்னும்
சரி, நோட்டீஸ எழுதுன கை எந்தக் கை?

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை. நாலு பீட், நாலே தட்டு, வெறும் டிரம். அதன் பிறகு நீ "யார் போட்ட பூட்டு இது?" என்று மறுபடி ஆரம்பிப்பாய்.

அந்த நாலு பீட்டில் நான் "நான்தான்" என்று சொல்ல வேண்டும் என்றாய். ஒரே வார்த்தை. ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டி, மைக்கை என் உயரத்துக்கு இறக்கி, கிளாசெட் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றாய். ஒன்பது முறை ஓட்டினேன். ஒன்பது முறையும் டிரம் மட்டும் வந்தது. கதவைத் திறந்து பார்த்து, "சரி விடு, காலியாவே இருக்கட்டும். ரெடியானா வந்து சொல்லு," என்றாய்.

மூணே வாரம். வந்து சொல் என்றவள் மூணு வாரம் கூட இருக்கவில்லை. என்னை உனக்குத் தெரியாதா? நான் ரெடியாக எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாதா? உன் தப்பை நீ பாடி முடித்துவிட்டாய். என் தப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். இது என்ன நியாயம்?

அங்கிள் சொன்னபடி வெட்டிப் பார்த்தேன் அக்கா. மறைக்கவில்லை. இரண்டு கிளிக்தான். முதல் பகுதியில் அதிகாரிகள், இரண்டாவதில் வாடகை ஏற்றுகிறவர்கள், கடைசியில் "யார் போட்ட பூட்டு இது?" என்று முடிகிறது. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் கைதட்டுவார்கள், ஏனென்றால் அதில் நம்மில் ஒருத்தரும் இல்லை. பூட்டைப் போட்டவர் எங்கேயோ வாஷிங்டனில் இருக்கிறார். அதில் உன் குரல் இருக்கிறது, நீ இல்லை.

நேற்று மத்தியானம் இரண்டு ஃபைலையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா ஆபீசில். பெரியம்மா கிளாசெட்டில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஃபைலைக் கொடுக்கட்டும் பெரியம்மா?" என்றேன்.

"எதுல அவ குரல் அதிகம் இருக்குதோ அதை," என்றார், தலையைத் தூக்காமலே. "எனக்கு இருக்கறதே அவ்வளவுதான் அம்மிணி. அதுலயும் வெட்டறதுக்கு இந்த சேகர் யாரு?"

பிறகு, "அவ பாடறப்ப நான் இந்தக் கதவுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன். புடவை எடுக்க வந்தவ. முழுசும் கேட்டேன்," என்றார்.

"நடுவுல ஒரு இடத்துல சத்தமே இல்லாம டொக்கு டொக்குன்னு வருமே, அது என்ன அம்மிணி? மறந்துட்டாளா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொங்குகிற புடவைகளைப் பார்த்தேன். உன் மைக் ஸ்டாண்ட் இன்னும் மூலையில் இருக்கிறது, என் உயரத்துக்கு இறக்கினபடியே. ஏற்றி வைக்க நீ வரவில்லை.

"மறக்கல பெரியம்மா. அது என் இடம்," என்றேன். "அந்த நோட்டீஸ எழுதினது நான்தான்."

வந்துவிட்டது அக்கா. எட்டு மாசமாக வராதது. குரல் ஒரு மாதிரி கீச்சென்றுதான் வந்தது, ஆனால் வந்தது.

பெரியம்மா மடித்த புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "பதினேழாம் வரி அவ பேரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பதினாறு நானு," என்றார். பிறகு, "முழுசாவே போடு. உன் பெரியப்பாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து அங்கிளுக்கு மெசேஜ் அனுப்பினேன். "கட் பண்ணவில்லை அங்கிள். முழுப் பாட்டு என்றால் ஃபைல் தருகிறேன், இல்லையென்றால் இல்லை. நடுவில் நாலு பீட்டுக்கு எனக்கு ஒரு மைக் வேண்டும்." அனுப்பிவிட்டு ஃபோனைத் தலையணைக்கு அடியில் போட்டேன். உடனே அடித்தது.

"ஏம்மா, வாயே திறக்காத பொண்ணு நீ! உனக்கு எதுக்கு மைக்கு?"

"நோட்டீஸ் எழுதினது யாருன்னு அதுல ஒரு கேள்வி வருது அங்கிள்."

"அதுக்கு?"

"பதில் சொல்லணும்."

அங்கிளிடமிருந்து ஒரு "ம்" வந்தது. அதை நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்து அவரிடமிருந்து மெசேஜ். உன் பாட்டை டான்ஸுக்குப் பிறகு இல்லாமல், டின்னர் க்யூ ஆரம்பித்த பிறகு போடுகிறாராம். பொங்கலும் வடையும் எடுக்கிற அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்கு. என்னத்தைச் சொல்ல! போகட்டும். க்யூவில் நிற்கிறவர்களுக்கும் காது இருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டுவிட்டும் போக முடியாது.

இன்னொன்று சொல்ல மறந்தேன். சங்கத்துக்கு இந்த வருஷம் எந்த ஆடிட்டோரியம் கிடைத்திருக்கிறது தெரியுமா? அந்த ஹைஸ்கூல்தான். நான் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லாத இடம். உனக்கு இதெல்லாம் அங்கே இருந்துகொண்டு ஏற்பாடு பண்ணுகிற வேலையா?

மார்த்தாவை மகனோடு வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸைப் பற்றி இன்று காலை உளுந்து களைந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் கேட்பதற்கு முன் அவள் என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். என்னைப் பார்த்தாள். வழக்கமான அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாலைவரை பேசவில்லை. சனிக்கிழமை வருவாளா, தெரியாது. அபார்ட்மென்ட் விஷயமும் இன்னும் முடிவாகவில்லை, அனுமதி தரவேண்டிய டவுன்ஷிப்காரர்கள் மீட்டிங்கைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். அடுத்த மீட்டிங்கிலும் ஒரு மைக் இருக்குமாம். யார் வேண்டுமானாலும் மூணு நிமிஷம் பேசலாமாம்.

மூணு நிமிஷத்தைப் பற்றி இப்போது வாக்கு கொடுக்க மாட்டேன். என்னைத் தெரிந்தவள் நீ. நாலு பீட்டுக்கு மட்டும் கொடுக்கிறேன். சனிக்கிழமை நீ அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்ததும், மார்த்தா வந்தாலும் வராவிட்டாலும், டிரம் மட்டும் ஓடாது. காது கொடுத்துக் கேள்.

இப்படிக்கு,
அந்த நோட்டீஸை எழுதிய,
உன் சித்தப்பா பொண்ணு, உன் தங்கச்சி
பவி